உறவில்லார்க்கு ஊரே உறவு

(கந்தப்பளையில் தோட்டத் தொழிலாளரும் மரக்கறிச் செய்கையாளரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் காணியைப் பற்றியும் பேசவே நாம் வழக்கமாகக் கூடுகின்றோம். இன்று சாவைப் பற்றிப் பேசக் கூடியிருக்கின்றோம். மங்கலமான பேச்சன்று எனச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும் ஒரு சமுதாயம் தன் இறந்தோரை எவ்வாறு வழியனுப்பி வைக்கின்றது என்பதைக் கண்டாலே, உயிரோடிருப்போரை அது எவ்வளவு மதிக்கின்றது என்பது விளங்கிவிடும். அந்த அளவுகோலைக் கையிலெடுத்து நம்மை நாமே அளந்துகொள்வோம் என்பதற்காகவே இக்கூட்டம்.

மலைநாட்டில் எந்தக் கடைவீதிக்குச் சென்றாலும் அங்கே ஒரு மனிதரைக் காணலாம். அவருக்கு லயத்தில் காம்பிரா இல்லை. செக்ரோலில் பெயர் இல்லை. கோயில் மடத்திலோ கடைத் திண்ணையிலோ படுத்துறங்குவார். லீக்ஸ் மூட்டையையும் கரட் மூட்டையையும் லொறியில் ஏற்றிக் கொடுப்பார். தேநீர்க் கடைக்குத் தண்ணீர் சுமப்பார். மாசி மாதம் காமன் கூத்து நடந்தால் கோமாளி வேடம் அவருக்கே. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் எல்லாரையும் பெயர் சொல்லி அழைப்பார். மரண வீட்டுக்கு முதலில் செல்பவரும் அவர். கடைசியில் திரும்புபவரும் அவர். அவருடைய பிறந்த ஊர் எது, பெற்றோர் யார் எனக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவர் வராத நாள் மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒருவர் கண்மூடிவிட்டார் என்ற செய்தி பரவினால் என்ன நடக்கின்றது? எவரும் உத்தரவிடுவதில்லை. ஒரு கடைக்காரர் பெட்டிக்குப் பணம் தருகின்றார். அவர் தமிழராகவும் இருப்பார், முஸ்லிமாகவும் இருப்பார், சிங்களவராகவும் இருப்பார். இன்னொருவர் கோடித்துணி வாங்குகின்றார். லொறிக்காரர் வாடகை வேண்டாமென்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகின்றார். வீதியோரம் வெள்ளைக்கொடி ஏறுகின்றது. இளைஞர்கள் மண்வெட்டியும் அலவாங்கும் தூக்கிக்கொண்டு மயானத்துக்கு ஏறுகின்றனர். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கூடையை ஓரமாக வைத்துவிட்டு ஒப்பாரி வைக்கின்றனர். கோயில் மண்டபமோ வாசகசாலையோ அன்றைக்கு மரண வீடாகின்றது. தப்பு முழங்குகின்றது. கொள்ளி வைக்க மகன் இல்லையே என்ற கேள்வி எழும்போது, கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் முன்வந்து தலை குனிகின்றார். வாய்க்கரிசி போட ஊரே வரிசையில் நிற்கின்றது.

இப்பண்பு நமக்கு எங்கிருந்து வந்தது? நூலிற் படித்து வந்ததன்று. பட்ட துயரத்திலிருந்து வந்தது.

கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் தமிழகத்தின் கிராமங்களிலிருந்து புறப்பட்டுத் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழிநெடுகக் கொன்றன. அந்தப் பாதையில் மாண்டோர் பல்லாயிரவர். வீழ்ந்தவரைப் புதைத்துவிட்டு நடக்கவும் பலருக்கு வாய்க்கவில்லை. தாயைக் காட்டில் விட்டு மகன் நடந்தான். மகனை விட்டுத் தந்தை நடந்தான். 2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் நாள் முடிந்த அப்பயணம், உரிமைக் கோரிக்கைப் பயணமாக இருந்ததோடு, அடக்கம் பெறாத அந்த முன்னோர்க்கு நாம் காலந் தாழ்த்திச் செலுத்திய இறுதி மரியாதையாகவும் இருந்தது.

இறந்தவரை விட்டுவிட்டு நடக்கும்படி விதிக்கப்பட்ட மக்களே, பிற்காலத்தில் ஒரு சாவு வந்தால் மலைக்கு வேலைக்கு ஏறாத மக்களாக மாறினர். வெள்ளைத் துரைமார் காலத்திலும் ‘தோட்டத்தில் மரணம்’ என்ற சொல்லுக்குத் தனி மதிப்பிருந்தது. தொழிற்சங்கம் தோன்றுமுன்னரே தொழிலாளர் ஒன்றாய் நின்ற இடம் இழவு வீடு. பிரட்டுக்களத்தில் நம்மை எண்ணினார்கள். மயானத்தில் நாம் நம்மை மனிதராகக் கண்டுகொண்டோம்.

உறவற்றவர்கள் நம்மிடையே இத்தனை பேர் ஏன் உளர் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வானத்திலிருந்து குதித்தவர் எவருமிலர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோமென ஒதுக்கி வைத்தது. சந்தையில் மூட்டை பிரிப்பதுபோல் மக்களைப் பிரித்தார்கள். அண்ணன் அக்கரைக்குக் கப்பலேறினான். தம்பி இக்கரையில் நின்றான். 1977லும் 1981லும் 1983லும் நிகழ்ந்த வன்செயல்கள் எஞ்சிய குடும்பங்களையும் வன்னிக்கும் பிறவிடங்களுக்கும் சிதறடித்தன. ஆதலால் கடைத் திண்ணையில் தனியே கிடக்கும் முதியவரைக் கண்டு ‘இவருக்கு யாருமில்லை’ என்று சொல்வதற்கு முன், அவருடைய உறவை அறுத்தது எது என்று கேளுங்கள். ஒப்பந்தத் தாள்களுக்கும் அதில் பங்குண்டு.

இவ்வன்பு நமக்கு மட்டும் உரியதென்று பெருமை பேச நாம் வரவில்லை. 2021ஆம் ஆண்டு நவம்பரில் கருநாடகத்தின் ஹடகலி என்னும் சிற்றூரில், உளநலம் குன்றிய யாசகர் ஒருவர் பேருந்து விபத்தில் இறந்தார். எவர் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். அவருடைய இறுதி ஊர்வலத்திற்கு ஊரெங்கும் பதாகைகள் கட்டப்பட்டன. வாத்தியம் முழங்க ஆயிரக்கணக்கானோர் பின்னே நடந்தனர். சொத்துமில்லை, சுற்றமுமில்லை, ஆயினும் பெரிய மனிதர் பலருக்கும் வாய்க்காத கூட்டம் அவருக்குக் கூடியது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலும் ஒருவர் இருந்தார். வணிகத்தில் நொடித்துப்போன ஜோசுவா நோர்ட்டன் என்பவர், 1859இல் ‘நானே அமெரிக்காவின் சக்கரவர்த்தி’ என்று தாமே முடிசூட்டிக்கொண்டார். நகரத்தார் அவரைப் பைத்தியமென்று விரட்டவில்லை, உணவகங்கள் சோறிட்டன. 1880ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் அவர் தெருவில் வீழ்ந்து இறந்தபோது வறியவராகவே இருந்தார். வணிகர் கழகமொன்று பெட்டிக்குப் பணம் கொடுத்தது. இறுதி மரியாதைக்கு 10,000 பேர் வரை வந்தனர் என்பர்.

தோழர்களே, அக்கதை அத்தோடு முடியவில்லை. நாம் பாடங் கற்கவேண்டியது அதன் பிற்பகுதியில்தான். அந்நகரம் வளர்ந்தது; நிலத்தின் விலை ஏறியது. இடுகாடுகள் நகருக்குள் இருக்கலாகாதெனச் சட்டம் வந்தது. 1934இல் நோர்ட்டனின் எலும்புகளைப் பக்கத்து ஊராகிய கோல்மாவுக்குக் கொண்டு சென்று, புதுக்கல் நாட்டி மரியாதையோடு புதைத்தார்கள். ஆனால் அந்நகரின் இடுகாடுகளில் கிடந்த ஏனையோர் என்னவாயினர்? கேட்பாரற்றோரின் எலும்புகள் மொத்தமாகப் புதைக்கப்பட்டன. அவர்களுடைய கல்லறைக் கற்கள் கடலரிப்பைத் தடுக்கும் சுவருக்கும் பூங்காவின் நீரோடும் வாய்க்காலுக்கும் பயன்பட்டன. அன்பு பெற்றவர் இரண்டாம் முறையும் மரியாதை பெற்றார். அன்பு பெறாதவரின் பெயர் வாய்க்காலில் கிடந்தது.

இதுவே நாம் இன்று சொல்ல வந்த செய்தி. ஊருக்கெல்லாம் வேண்டியவரை ஊரே தூக்கிச் செல்கின்றது, அது நற்பண்பு. ஆனால் அடுத்த மாதமே, எவரோடும் பேசாத ஒருவர், குடித்துத் திரிந்த ஒருவர், எல்லாரையும் ஏசிய ஒரு கிழவி இறந்துவிட்டால்? அன்றைக்குத் தோள் கொடுக்க எத்தனை பேர் வருவர்? வேண்டியவரின் சாவு நம் அன்பைக் காட்டும். வேண்டாதவரின் சாவு நம் நீதியைக் காட்டும். அன்பு தானாக ஊறுவது. அதற்கு விதி எழுதவேண்டியதில்லை. நீதிக்கு விதி வேண்டும், நிதி வேண்டும், நிலமும் வேண்டும்.

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் சில செய்திகளை முன்வைக்கின்றோம். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி ஒவ்வோர் இறப்பும் பதியப்படவேண்டும். தோட்டத்தில் நிகழும் இறப்பை அறிவிக்கும் பொறுப்பு தோட்ட அதிகாரிக்கும் உண்டு. திடீர் மரணமாயின் மரண விசாரணை அதிகாரியின் அனுமதியின்றிப் பிரேதத்தை அசைக்கவியலாது. மருத்துவமனையில் இறந்தவரை உரிமை கோர எவருமில்லையெனில் அரசாங்கச் செலவில் அடக்கம் நடக்கும். ‘அப்படியாயின் அரசாங்கமே பார்த்துக்கொள்ளட்டுமே’ என்று கூறுவோரும் உளர். அரசாங்கம் ஒரு பிரேதத்தை அடக்கும். மனிதரை அடக்க ஊரால்தான் முடியும். ஆனால் ஊர் அவரைக் கேட்டு வாங்கவேண்டுமாயின், அவர் யாரென்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். நம் ஊரில் 30 ஆண்டுகள் மூட்டை சுமந்தவருடைய முழுப்பெயர் நமக்குத் தெரியாதென்றால், மருத்துவமனை வாசலில் நாம் எதைச் சொல்லிக் கேட்பது?

பெயரேடு இல்லாமையால் விளையும் கொடுமையை 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் கண்டோம். மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கொன்றாக மாறியது. எத்தனையோ பேருடைய உடல் கிடைக்கவேயில்லை. உடலும் இன்றிப் பெயரும் இன்றி ஒரு மனிதர் மறைந்துபோவது இருமுறை இறப்பதாகும்.

சமயத்தைப் பற்றியும் ஒரு சொல். தனித்து வாழ்ந்தவர் இந்துவா கிறிஸ்தவரா முஸ்லிமா என்பது பல வேளைகளில் இறந்த பின்னரே கேள்வியாக எழுகின்றது. 2020இல் கொரோனா நோயைக் காரணங் காட்டி, இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டுமென அரசாங்கம் விதித்தது. முஸ்லிம் மக்கள் தம் பெற்றோரையும் பச்சிளங் குழந்தைகளையும் எண்ணிக் கதறினர். 2021 பெப்ரவரியிற்றான் அந்த விதி நீங்கியது. இறந்தவரின் நம்பிக்கையை மிதிப்பது எத்துணைப் பெரிய காயம் என்பதை நாடே பார்த்தது. ஆட்சி செய்த பிழையை அறியாமையால் நாமும் செய்துவிடலாகாது. உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் கடமை.

இனி நமக்குள்ளேயே கிடக்கும் ஓர் அழுக்கைக் கூறுவோம். குழி வெட்டுவது யார்? தப்படிப்பது யார்? அன்பினால் முன்வருவோர் பலர் உளர் என்பது உண்மை. ஆயினும் ‘இது அவர்கள் வேலை’ என்று ஒரு பகுதியார் தலையில் மட்டும் கட்டிவைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இந்நாட்டில் நிறைவேறிற்று. சட்டம் வந்து இத்தனை காலமான பின்னும் மயானத்தில் சாதி நிற்கலாமா? தப்பு நம் கலை. அதை விரும்பி அடிப்பவரை மேடையேற்றி, மாலையிட்டு, உரிய கூலி கொடுத்து அழையுங்கள். பிறப்பைக் காட்டிப் பணித்து அழைக்காதீர்கள். குழி வெட்டும் முறை வீட்டு இலக்கப்படி எல்லா வீட்டுக்கும் வரட்டும். தோட்டத் தலைவர் வீட்டுக்கும் வரட்டும். ஆசிரியர் வீட்டுக்கும் வரட்டும்.

நிலத்தின் கதை என்ன? நம் முன்னோர் புதைந்த மயானங்களிற் பல, ஏட்டளவில் தோட்டத்தின் நிலமாகவே கிடக்கின்றன. துரை மாறினார், 1970களில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பனிகள் வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் மயானம் யாரோ ஒருவருடைய தயவில் நின்றது. எல்லைக் கல் இல்லாத இடத்தில் இன்று தேயிலை ஏறும், நாளை மரக்கறிப் பாத்தி ஏறும், மறுநாள் விடுதியும் ஏறலாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. சபைக்கு வரியும் வாக்கும் தரும் நாம், மயானப் பாதைக்கும் வேலிக்கும் நீர்க்குழாய்க்கும் சபையை அணுகலாம், அணுகவேண்டும். சாக்குப்போக்குச் சொல்வதற்கு இனி 33ஆம் பிரிவு இல்லை.

ஆகவே இக்கூட்டத்தின்முன் ஐந்து தீர்மானங்களை வைக்கின்றோம்.

முதலாவது: ஒவ்வொரு மரண உதவிச் சங்கமும், தன் எல்லைக்குள் உறவின்றித் தனித்து வாழும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரேடு வைக்கவேண்டும். பெயர், வந்த ஊர், அடையாள அட்டை இலக்கம், சமயம், எரிப்பதா புதைப்பதா என்ற விருப்பம், எங்கோ இருக்கும் உறவினர் பற்றிய செய்தி ஆகியவற்றை அவரவர் சம்மதத்தோடு எழுதவேண்டும். அடையாள அட்டை இல்லாதவருக்கு, உயிரோடிருக்கும்போதே கிராம சேவகர் மூலம் அதைப் பெற்றுத் தரவேண்டும். சாவுக்காகத் தொடங்கும் ஏடு அவருடைய வாழ்வுக்கும் உதவட்டும்.

இரண்டாவது: சந்தா கட்டாதவருக்கும் அடக்கம் உண்டு என்பது சங்க விதியில் ஏறவேண்டும். ‘நிதி வற்றிவிடுமே’ என்ற அச்சம் வேண்டாம். 300 வீடுகளுள்ள ஒரு சங்கத்தில் வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் தனியே ஒதுக்கினால் மாதத்துக்கு 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000 ரூபாய். உறவற்றவர் சாவு ஆண்டுக்கு எத்தனை நிகழும்? எண்ணிப் பாருங்கள். மரக்கறி விலையேறிய காலத்தில் செய்கையாளர் ஒரு மூட்டையின் பணத்தைச் சேர்த்தால் பாரம் இன்னும் குறையும்.

மூன்றாவது: குழி வெட்டலும் பாடை கட்டலும் சாதி பாராது வீட்டு முறைப்படி நடக்கவேண்டும். நோயாளியும் முதியோரும் தனித்து வாழும் பெண்களும் விலக்குப் பெறலாம்; வேறு எவரும் பணங் கட்டி விலகலாகாது.

நான்காவது: ஒவ்வொரு தோட்ட மயானத்தையும் நில அளவையாளரைக் கொண்டு அளந்து, எல்லைக் கல் நாட்டி, தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் உறுதி பெறவேண்டும். வாய்ச் சொல் ஒரு துரையோடு போய்விடும், எழுத்து நிற்கும்.

ஐந்தாவது: அடக்கம் முடிந்ததோடு கலைந்துவிடாது, இறப்புச் சான்றிதழைப் பெற்றுச் சங்க ஏட்டில் சேர்க்கவேண்டும், குழியின் தலைமாட்டில் பெயர் பொறித்த ஒரு கல்லாவது நாட்டவேண்டும். தேயிலைக்கு உரமாகிப் போனோருக்கு அடையாளமே இல்லை என்ற ஏக்கம் நம் மலையக எழுத்தில் இடையறாது ஒலித்து வருகின்றது. அந்த ஏக்கத்தை அடுத்த தலைமுறைக்கும் முதுசொமாகக் கொடுக்க வேண்டாம்.

நம்மிற் படித்தோருக்கு இறுதியாக ஒன்று. லயத்திற் பிறந்து ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வழக்கறிஞராகவும் ஆனவர்கள், கொழும்பிலிருந்து பணம் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்ததென எண்ணுகின்றனர். பணம் பெட்டி வாங்கும்; பெட்டியைத் தூக்காது. ஆசிரியர் பெயரேட்டை எழுதட்டும். வழக்கறிஞர் மனுவை வரையட்டும். எழுதுவினைஞர் கச்சேரிக்கு நடக்கட்டும். செய்கையாளர் லொறியைக் கொடுக்கட்டும். மயானத்து ஏற்றத்தில் எல்லாரும் ஒரு முறையாவது தோள் மாற்றிக்கொள்ளட்டும்.

குடியுரிமைச் சட்டங்கள் நம்மை யாரென்று கேட்டுக் கேட்டுப் பத்திரம் காட்டச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்த வழக்கு ஒருவாறு தீர்ந்தது. பத்திரம் கேட்கப்பட்டு நொந்த மக்களாகிய நாம், நம் மடியில் வந்து சாகும் ஒருவரிடம் ‘நீ எங்கள் பட்டியலில் உண்டா?’ என்று கேட்கலாமா? கேட்கலாகாது. இங்கே வாழ்ந்தார், இங்கே மூச்சு விட்டார் என்பதே போதிய பத்திரம்.

இந்த ஐந்து தீர்மானங்களையும் இக்கூட்டம் ஏற்று, வரும் மாதச் சங்கக் கூட்டங்களிலேயே விதிகளில் சேர்க்க வேண்டுமென முன்மொழிந்து அமைகின்றோம்.